நிறுத்த வேண்டாம், நிறுத்துச் சாப்பிடுவோம்!

இரண்டு வருடங்களுக்கு முன் தீபாவளி முடிந்த மூன்றாவது வாரம். டோம்பிவிலியில் எங்கள் குடும்ப டாக்டரின் அறையில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 118 என்று வந்திருந்தது. "இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை. ஆனால் வாசற்படியில் நிற்கிறீர்கள்" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "மாலையில் என்ன கொடுக்கிறீர்கள்? ஃபர்சாண், வடா பாவ் எல்லாம் உண்டா?" என்று கேட்டார்.

நான் பெருமையாகவே பதில் சொன்னேன். "வெளியில் எதுவும் வாங்குவதில்லை டாக்டர். முறுக்கு, தட்டை, லட்டு எல்லாம் வீட்டில் செய்ததுதான். நல்ல எண்ணெய், நல்ல மாவு."

அவர் சிரித்துவிட்டார். "வீட்டு எண்ணெய்க்கும் கடை எண்ணெய்க்கும் வித்தியாசம் நாக்குக்குத் தெரியலாம். இடுப்புக்குத் தெரியுமா? ஒரு நாளைக்கு எத்தனை முறுக்கு சாப்பிடுகிறார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டப்பா மேசை மேல் இருக்கும். ஏழு நாற்பது வண்டியில் வந்து இறங்குபவர் கை கால் கழுவிவிட்டுச் செய்தி பார்த்தபடியே சாப்பிடுவார். எத்தனை என்று யார் எண்ணினோம்? "எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் முதலில் வாடியது என் மாமியாரின் முகம். அத்தைக்கு எழுபத்தாறு வயது. நாங்கள் பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து, திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் வண்டியில் யார் வந்தாலும் அவர்கள் கையில் ஒரு முறுக்கு டின் கொடுத்து அனுப்பியவர். இப்போது எங்களோடு இருக்கிறார். மாவு பிசைவது இன்றும் அவர் கைதான். "என் கைப் பலகாரமே பிள்ளைக்கு ஆகாம போச்சா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் வழி சொன்னாள். "அம்மா, டாக்டர் நிறுத்தச் சொன்னது அளவு தெரியாததால்தானே? முதலில் நாம் நிறுத்துப் பார்ப்போம்." அடுத்த நாள் ஒரு சமையலறைத் தராசு வாங்கி வந்தாள். அன்று தொடங்கிய கணக்கைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் டாக்டரும் அல்ல, உணவியல் நிபுணரும் அல்ல. பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்த ஓர் இல்லத்தரசி. இந்தக் கணக்குக்கு அது போதும்.

நமக்கு ஏன் இந்தக் கணக்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. என் கணவர் அந்தப் பதின்மூன்றரைக் கோடியில் ஒருவர்.

வெளியூரில் வாழும் நமக்குப் பலகாரம் வெறும் தீனி அல்ல. ஊரின் ருசி, பண்டிகையின் அடையாளம். அதனால்தான் "வீட்டில் செய்தது" என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறோம். வீட்டில் செய்தால் சுத்தம் நிச்சயம். எண்ணெய் புதியது என்பதும் நிச்சயம். அளவு மட்டும் நிச்சயம் இல்லை. கடைப் பாக்கெட்டிலாவது 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. நம் டப்பாவின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? அந்தச் சீட்டை நாமே எழுதி ஒட்ட வேண்டியதுதான்.

கலோரி என்பது என்ன?

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு கிலோ கலோரி. பேச்சு வழக்கில் "கிலோ"வை விட்டுவிட்டு வெறும் கலோரி என்கிறோம். நம் உடல் என்னும் அடுப்புக்கு உணவு எவ்வளவு விறகு தருகிறது என்பதன் கணக்கு அது.

அடிப்படை விதி மிக எளிது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி. ஒரு கிராம் புரதம் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. தண்ணீருக்கும் உப்புக்கும் பூஜ்யம். எண்ணெய் ஏன் கணக்கைத் தூக்கிவிடுகிறது என்பது இந்த 4, 9 இரண்டையும் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் உரிய கலோரியைக் கண்டுபிடித்துப் பட்டியலிட்ட நிறுவனம் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று: இந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் தொகுத்த உணவுப் பட்டியல் பல ஆண்டுகள் நாடு முழுவதும் வழிகாட்டியாக இருந்தது. 2017இல் அந்த நிறுவனம் புதிய பட்டியலை வெளியிட்டது. பழைய பட்டியலுக்கும் புதியதற்கும் சில பொருள்களில் சிறு வித்தியாசம் உண்டு. வீட்டுக் கணக்குக்கு முழு எண்களாகச் சுருக்கி நான் வைத்துக்கொண்டது இது. 100 கிராமுக்கு:

அரிசி மாவு, உளுந்து மாவு, கடலை மாவு, பொட்டுக்கடலை: 350
சர்க்கரை: 400
வெல்லம்: 380
எள், நிலக்கடலை: 550
வெண்ணெய்: 720
எண்ணெய், நெய்: 900
தேங்காய்த் துருவல்: 420

இந்த ஏழு வரியை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். நம் பலகாரங்களில் பெரும்பாலானவை இந்த ஏழுக்குள் அடங்கிவிடும்.

தராசு ஏன்? டம்ளர் போதாதா?

"நான்கு டம்ளர் அரிசி மாவுக்கு ஒரு டம்ளர் உளுந்து மாவு" என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அத்தையோ ஆழாக்கில் பேசுவார். எட்டு ஆழாக்கு ஒரு படி. பக்குவத்துக்கு இந்த அளவு போதும், ஏனென்றால் அங்கே விகிதம்தான் முக்கியம். கலோரிக்கு எடை வேண்டும். என் டம்ளரும் உங்கள் டம்ளரும் ஒன்றல்ல. ஒரே டம்ளரில்கூட மாவைத் தளரப் போட்டால் ஓர் எடை, தட்டி அமுக்கினால் வேறு எடை.

ஐந்து கிலோ வரை காட்டும் சாதாரண எலெக்ட்ரானிக் தராசு போதும். பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு போடும் பொருளின் எடை மட்டும் தெரியும். தினமும் நிறுக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒருமுறை கணக்குப் போட்டு நோட்டில் எழுதிவிட்டால், அதே அளவில், அதே அச்சில் செய்யும் வரை அந்தக் கணக்கே ஏறக்குறையச் செல்லும்.

முதல் பாடம்: மாலாடு

சுலபமானதில் தொடங்குவோம். பொட்டுக்கடலை மாலாட்டில் வேகவைப்பதும் இல்லை, பொரிப்பதும் இல்லை. போட்டது அப்படியே உருண்டைக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டு அளவு:

பொட்டுக்கடலை மாவு 250 கிராம்: 875 கலோரி
சர்க்கரை 250 கிராம்: 1000 கலோரி
நெய் 125 கிராம்: 1125 கலோரி
மொத்தம்: 625 கிராம், 3000 கலோரி

இதில் 25 உருண்டை பிடித்தேன். ஒன்று 25 கிராம். 3000ஐ 25ஆல் வகுத்தால் ஓர் உருண்டைக்கு 120 கலோரி. முந்திரி போட்டால் அதையும் நிறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 250 கிராம் சர்க்கரை 25 உருண்டையில் போனால் ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன ஆலோசனைப்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் இருந்தால் மிக நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது நாளைக்கு 25 கிராம். இரண்டு உருண்டை சாப்பிட்டால் 20 கிராம் முடிந்துவிட்டது. காலைக் காபியிலும் மாலைத் தேநீரிலும் போட்டது தனி.

இரண்டாம் பாடம்: முறுக்கு

பொரித்த பலகாரத்தில்தான் பலர் தடுமாறுவோம். கடாயில் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றுகிறோம். அத்தனையும் முறுக்கில் போவதில்லை. எவ்வளவு போனது?

மாவில் பிசைந்த தண்ணீர், சூடான எண்ணெயில் விழுந்ததும் ஆவியாக வெளியேறுகிறது. அந்தச் சலசலப்பும் குமிழும் அதுதான். ஓசை அடங்கினால் வெந்துவிட்டது என்று பாட்டிமார் சொல்வதும் அதனால்தான். தண்ணீர் விட்டுப்போன நுண்ணிய துளைகளில் எண்ணெய் புகுந்துகொள்கிறது. இதில் பெரும்பகுதி, முறுக்கை வெளியே எடுத்து அது ஆறும்போது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுவதால் நடக்கிறது. ஆகவே எடுத்த உடனே அரிக்கரண்டியில் நன்றாக வடித்து, உறிஞ்சு காகிதத்தில் பரப்புவது வீண் வேலை அல்ல. (செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை பலகாரத்தில் ஏறும்.)

ஆகவே மூன்று எடைகள் தேவை. ஒன்று, மாவுப் பொருள்களின் எடை. இரண்டு, எண்ணெயின் எடை, பொரிப்பதற்கு முன்னும் பின்னும். மூன்று, ஆறிய முறுக்கின் மொத்த எடையும் எண்ணிக்கையும். எண்ணெயை இரண்டாம் முறை நிறுப்பதற்கு முன் நன்றாக ஆறவிடுங்கள். சூடான கடாயைத் தராசில் வைப்பது ஆபத்து.

எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை போட்ட கணக்கு இதோ.

அரிசி மாவு 500 கிராம், உளுந்து மாவு 125 கிராம், ஆக 625 கிராம்: 2190 கலோரி
வெண்ணெய் 50 கிராம்: 360 கலோரி
எள் 10 கிராம்: 55 கலோரி
உப்பு, பெருங்காயம், தண்ணீர்: 0

இனி எண்ணெய். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தாலும் எடை 910 கிராம்தான்; எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. பொரித்து ஆறிய பிறகு கடாயில் மிஞ்சியது 665 கிராம். உறிஞ்சு காகிதத்தின் எடை 25 கிராம் கூடியிருந்தது. இரண்டும் சேர்ந்து 690. 910இல் 690 போக மீதி 220 கிராம் முறுக்குக்குள் போயிருக்கிறது. அதற்கு 1980 கலோரி.

மொத்தம் 4585 கலோரி. ஆறிய முறுக்கு 860 கிராம், எண்ணிக்கை 43. ஒரு முறுக்கு 20 கிராம், சுமார் 107 கலோரி. 100 கிராமுக்குப் பார்த்தால் சுமார் 533.

எண்ணெயைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் ஒரு முறுக்குக்கு 60 கலோரிதான் என்று நினைத்திருப்பேன். மீதி 46 கலோரி கடாயில் இருந்து வந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "கால் லிட்டரா குடிச்சிருக்கு இந்த முறுக்கு?" என்று வாய்மேல் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு எச்சரிக்கைகள். உடைந்த முறுக்கையும் அடியில் விழுந்த தூளையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். பொரிக்கும்போது பக்குவம் பார்க்க நாம் வாயில் போட்டுக்கொள்வதும் அதில் அடங்கும். அன்று நான் மூன்று உடைசல் சாப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுபடி செய்யும்போதுதான் கணக்கு நேரானது. இரண்டாவது, முறுக்குக்கு வந்த கணக்கை ஓமப்பொடிக்கும் ரிப்பன் பகோடாவுக்கும் அப்படியே எழுதாதீர்கள். மெல்லிய பலகாரத்தில் எண்ணெய் படும் பரப்பு அதிகம். எண்ணெய் அதிகம் ஏறும். அவற்றுக்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

மூன்றாம் பாடம்: சுண்டல்

சுண்டலில் வேறொரு குழப்பம் வரும். 100 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் 220 முதல் 240 கிராம் வரை ஆகிறது. எடை கூடியது தண்ணீரால், கலோரி கூடவில்லை. ஆகவே காய்ந்த கடலையை நிறுத்துக் கலோரி கணக்கிடுங்கள். செய்து முடித்த சுண்டலை நிறுத்துப் பங்கு போடுங்கள்.

கடலை 100 கிராம் 350, ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40, தேங்காய் 20 கிராம் 85. மொத்தம் 475 கலோரி. செய்து முடித்த சுண்டல் 250 கிராம் வந்தது. 100 கிராம் சுண்டல், அதாவது ஒரு சிறு கிண்ணம் நிறைய, 190 கலோரி. அதே 190 கலோரிக்கு இரண்டு முறுக்குகூட முழுதாக வராது.

கிண்ணம் சுண்டல் சாப்பிட்டவருக்கு இரவுச் சாப்பாடு வரை பசிக்காது. இரண்டு முறுக்கு சாப்பிட்டவரின் கை மூன்றாவதுக்குப் போகும். கலோரி ஒன்றானாலும் வயிறு நிறைவது ஒன்றல்ல. புரதமும் நார்ச்சத்தும் தண்ணீரும் உள்ள பண்டம் வயிற்றில் நிற்கும்.

ஒருவருக்கு எவ்வளவு?

கணக்கு வந்துவிட்டது. பங்கு எப்படிப் பிரிப்பது? 2020இல் வெளியான அரசு ஊட்டச்சத்துப் பரிந்துரையின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரியும் பெண்ணுக்கு 1660 கலோரியும் தேவை. ஆணுக்கு 65 கிலோ, பெண்ணுக்கு 55 கிலோ எடை என்று வைத்துச் சொன்னது இது. கடும் உழைப்பாளிக்குக் கூடும், வயதானவர்களுக்குக் குறையும்.

எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். மாலைப் பலகாரத்துக்கு அன்றைய கணக்கில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் என் கணவருக்கு 211, எனக்கு 166. அவருக்கு இரண்டு முறுக்கு, எனக்கு ஒன்றரை. அல்லது அவருக்கு ஒரு முறுக்கும் அரைக் கிண்ணம் சுண்டலும். மாலாடு என்றால் ஒன்று, அன்று முறுக்கு ஒன்றுக்குள் அடங்க வேண்டும்.

முறுக்கு தினமும் வேண்டாம் என்பதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி உணவுத் தட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்ந்து நாள் முழுவதற்கும் 27 கிராம் என்று இருக்கிறது. எங்கள் முறுக்கு ஒன்றில் எண்ணெயும் வெண்ணெயுமாகச் சுமார் 6 கிராம் கொழுப்பு. இரண்டு முறுக்கு 12 கிராம். தாளிதம், பொரியல், தோசை எல்லாவற்றுக்கும் மீதி 15 கிராம்தான். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் முறுக்கு; மற்ற நாள்களில் சுண்டல், வேகவைத்த கடலை, பழம், மோர், பொரி என்று மாற்றிக்கொண்டோம்.

நடையைக் காட்டிச் சமாதானம் சொல்லவும் வழியில்லை. 60 கிலோ எடையுள்ளவர் சாதாரண வேகத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான் ஒரு முறுக்கின் கணக்கு தீரும்.

பக்கத்து வீட்டுத் தட்டு

மகாராஷ்டிரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தீபாவளிக்கு அண்டை வீட்டிலிருந்து ஃபராள் தட்டு வரும். சக்கலி, சிவ்டா, சங்கர்பாளி, கரஞ்சி, பேசன் லாடு. நாமும் நம் முறுக்கும் அதிரசமும் வைத்துத் தட்டைத் திருப்பித் தருவோம். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது அல்லவா! அந்தப் பலகாரத்தில் என்ன அளவு போட்டார்கள் என்று போய்க் கேட்க முடியுமா?

தேவையில்லை. நான் கணக்குப் போட்ட எங்கள் பலகாரங்களில் மொறுமொறுப்பானவை 100 கிராமுக்கு 500 முதல் 550 வரை வந்தன. நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த லட்டு வகை 450 முதல் 500 வரை. ஆகவே ஒரு குறுக்கு வழி: பலகாரத்தின் எடையைக் கிராமில் பார்த்து 5ஆல் பெருக்குங்கள். 30 கிராம் சிவ்டா 150 கலோரி. 40 கிராம் லாடு 200 கலோரி. துல்லியம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குப் போதும். வடை, பஜ்ஜி, போண்டா போன்ற ஈரமுள்ள பண்டங்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு மூன்று எடைக் கணக்குதான்.

மிக்சரும் சிவ்டாவும் எண்ணிச் சாப்பிட முடியாத பண்டங்கள். "ஒரு கை" என்பது ஏமாற்றும் அளவு. என் கை நிறைய அள்ளி நிறுத்தேன். 35 கிராம் இருந்தது. என் கணவர் கையில் 50 கிராம் வந்தது. செய்தி முடிவதற்குள் மூன்று கை என்றால் 150 கிராம், 750 கலோரி! ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல். டாக்டர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

நாங்கள் கடைப்பிடிக்கும் சில பழக்கங்கள்

டப்பா மேசைக்கு வராது. அவரவர் பங்கு கிண்ணத்தில் வரும். மிக்சருக்கு என்று ஒரு சிறு கிண்ணம். அது நிறைந்தால் 30 கிராம் என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டோம். பிறகு தராசு தேவைப்படவில்லை.

முறுக்கைச் சிறிதாகப் பிழிகிறோம். ஐந்து சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று. "இரண்டு சாப்பிட்டேன்" என்ற திருப்தி மனதுக்கு. பாதி அளவு வயிற்றுக்கு. மாலாட்டையும் 25 கிராமுக்குப் பதில் 15 கிராமாகப் பிடிக்கிறோம். அப்போது ஒன்று 72 கலோரி.

ஒவ்வொரு டப்பா மேலும் ஒரு சீட்டு: பெயர், செய்த தேதி, ஒன்றுக்கு எத்தனை கலோரி. மகள் கையெழுத்து.

வளரும் குழந்தைகளிடம் இந்தக் கலோரிப் பேச்சு வேண்டாம். ஓடி விளையாடும் பிள்ளையின் தேவை வேறு. "குண்டாகிவிடுவாய்" என்று பயமுறுத்தினால் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வரும். கிண்ணத்தில் கொடுக்கும் பழக்கம் மட்டும் போதும். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் கலோரியோடு மாவுச்சத்தையும் பார்க்க வேண்டும். அவர்கள் இந்தக் கணக்கு நோட்டை டாக்டரிடம் காட்டி அவர் சொல்வதைக் கேட்பதே சரி.

சில தவறான நம்பிக்கைகள்

"தேங்காய் எண்ணெய், செக்கு எண்ணெய் என்றால் கனமில்லை." எல்லா எண்ணெய்க்கும் கிராமுக்கு 9 கலோரிதான். குணம் மாறலாம், இந்தக் கணக்கு மாறாது. நெய்க்கும் அதே.

"வெல்லம் போட்டால் பரவாயில்லை." சர்க்கரைக்கு 400, வெல்லத்துக்கு 380. ருசிக்காகப் போடுங்கள், சலுகைக்காகப் போடாதீர்கள்.

"கடலை மிட்டாய் சத்து, எவ்வளவும் சாப்பிடலாம்." சத்துதான், ஐயமில்லை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கோவில்பட்டிப் பண்டத்தை நானா குறை சொல்வேன்? ஆனால் நிலக்கடலை 250 கிராமும் வெல்லம் 150 கிராமும் சேர்த்து வீட்டில் செய்தபோது 100 கிராமுக்குச் சுமார் 490 கலோரி வந்தது. 20 கிராம் துண்டு ஒன்று கிட்டத்தட்ட ஒரு முறுக்குக்குச் சமம். ஒன்று போதும்.

"அவனில் சுட்டால் கலோரியே இல்லை." பொரிக்கும் எண்ணெய் மிச்சம், உண்மை. மாவும் வெண்ணெயும் அப்படியே இருக்கின்றன. எங்கள் முறுக்குக் கணக்கில் பொரித்த எண்ணெய் முழுவதையும் கழித்தாலும் ஒன்றுக்கு 60 கலோரி நிற்கிறது. நான்கு சாப்பிட்டால் 240.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். என் கணவரின் எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. சர்க்கரை 106. மாலை நடையும், இரவுச் சாதத்தைக் குறைத்ததும் அதில் சேர்ந்திருக்கின்றன. எல்லாப் புகழையும் தராசுக்கே கொடுக்க மாட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்த டாக்டர், "இதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள், மற்றவர்களுக்குக் காட்டுகிறேன்" என்றார். பிரதி எடுத்துக் கொடுத்தோம்.

போன தீபாவளிக்கு அத்தைதான் மாவு பிசைந்தார். பொரித்து முடித்ததும் அவராகவே கடாயை ஆறவைத்துத் தராசின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இந்தத் தடவை கொறச்சலாத்தான் குடிச்சிருக்கு. சூடு சரியா இருந்துச்சுல்லா" என்றார். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு முறுக்கை எடுத்து வைத்து மகனைக் கூப்பிட்டார். "ஏ ஐயா, இது உன் பங்கு. தைரியமாத் தின்னு."

வரும் பண்டிகைக்கு நீங்களும் ஒரே ஒரு பலகாரத்தை நிறுத்துப் பாருங்கள். ஒரு தராசு, ஒரு நோட்டு, அரை மணி நேரம். நம் கைப்பக்குவத்தை நம் வீட்டார் பயமில்லாமல் சாப்பிடட்டும்.